நரிக்கடை வசேராவும் தலையில்லாத மீனும்

வசேரா என்றால் கிக்குயு மொழியில் ஊர் சுற்றுகிறவள் என்று அர்த்தம். பெயர் வைத்தவர்கள் ஏமாந்துபோனார்கள். ஐம்பத்தொரு வயதில் அவள் லிமுருவைத் தாண்டிப் போனது நைரோபிக்குச் சாமான் வாங்கவும், மகள் கபுராவுக்குப் பிள்ளை பிறந்தபோது நகுருவுக்கும்தான். மற்றபடி அவளுடைய உலகம் தேயிலைத் தோட்டத்து ரோட்டோரம் நிற்கும் ஒரு கல் கட்டிடம். வாசலில் தொங்கும் பலகையில் ஒரு நரி மணியை மோந்து பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பலகையில் ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயரும் உண்டு. ஊருக்கு அது நரிக்கடை.

நரிக்கடைக்கு இரண்டு வாசல். வலது பக்கத்து வாசல் பப்புக்கு. புகை ஏறிக் கறுத்த விட்டங்கள், ஆள் உயரக் கணப்பு, பீர் இழுக்கிற பித்தளைக் கைப்பிடிகள், சுவரில் குதிரையேறி நரியைத் துரத்துகிற சிவப்புக் கோட்டுக்காரர்களின் படம். இடது பக்கத்து வாசல் டீ ரூமுக்கு. பூப்போட்ட மேஜை விரிப்பு, மெல்லிய பீங்கான் கோப்பைகள், மூன்றடுக்குத் தட்டில் விரல் நீளத்துக்கு வெட்டிய வெள்ளரிக்காய் சாண்ட்விச். நடுவில் சமையலறை. சமையலறையில் வசேரா.

சர்ச் மாதர் சங்கத்துப் பெண்கள் இடது வாசலில்தான் நுழைவார்கள். வலது பக்கம் ஒரு பப் இருப்பதே தங்களுக்குத் தெரியாது என்பதுபோல முகத்தை வைத்துக்கொள்வார்கள். அவர்களில் பாதிப் பேருடைய புருஷன்மார் அதே நேரத்தில் வலது பக்கம் குவளையும் கையுமாக இருப்பார்கள். சங்கத் தலைவி நியோக்கபி வாரம் ஒருமுறையாவது கேட்பாள்.

"வசேரா, எங்க வீட்டு மனுஷன் இங்க வந்தாரா?"

"இந்தப் பக்கம் வரவே இல்லியே அக்கா."

இது பொய்யே இல்லை. நியோக்கபியின் கணவர் மச்சாரியா, தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒருநாளும் அந்தப் பக்கம் வந்ததில்லை. கணப்புக்குப் பக்கத்து முக்காலிதான் அவருக்கு. அவருடைய பெயர் எழுதிய குவளைகூட அங்கே ஆணியில் தொங்கும். வசேராவின் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே வராது என்பதால்தான் அந்தக் கடை இரண்டு பக்கமும் நிறைந்து ஓடியது.

அவள் அங்கே வந்தது பாத்திரம் கழுவ. கணவன் லாரி ஓட்டியவன். நைவாஷா இறக்கத்தில் லாரி கவிழ்ந்து அவன் போய்ச் சேர்ந்தபோது கபுராவுக்கு நடை பழகுகிற வயசு. அப்போது கடையை நடத்தியவள் லேத்தம் என்ற வெள்ளைக்காரக் கிழவி. நாயைத் தவிர யாரையும் நம்பாதவள். கிழவி அடுப்பில் மறந்துபோன 'பை' என்கிற இறைச்சிப் பலகாரத்தை வசேரா ஒருநாள் கருகாமல் எடுத்துவைத்தாள். அன்றிலிருந்து கிழவி நம்பிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக நாயிடமிருந்து அவளுக்கு மாற்றினாள். கறியும் சிறுநீரகமும் போட்ட பை, ஞாயிற்றுக்கிழமை மாட்டிறைச்சி ரோஸ்ட், கேக்கும் இல்லாத ரொட்டியும் இல்லாத அந்த ஸ்கோன், எல்லாமே அவள் சொல்லித்தந்ததுதான். பிறகு கிழவி தன் அக்காவோடு இருக்க இங்கிலாந்துக்குப் போய்விட்டாள். கட்டிடத்தை வாங்கிய நைரோபிப் பல் டாக்டருக்குக் கடை நடத்தத் தெரியாது. அதை அவரே ஒப்புக்கொண்டார். வசேரா குத்தகைக்கு எடுத்துக்கொண்டாள்.

நரிக்கடையில் பேர்போனது மீனும் சிப்ஸும். ஞாயிற்றுக்கிழமை நைரோபியிலிருந்து கார் கட்டிக்கொண்டு வருவார்கள். வெளியே மொறுமொறு, உள்ளே மல்லிகைப்பூ மாதிரி என்று புகழ்வார்கள். வசேரா சிரித்துக்கொள்வாள். அவள் ஒருநாளும் மீனை வாயில் வைத்ததில்லை. மலைமேல் பிறந்த பழைய கிக்குயு குடும்பம். அவர்கள் வீட்டில் மீன் என்பது பாம்புக்குத் தம்பி. எண்ணெயின் சத்தத்தைக் கேட்டு, நிறத்தைப் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பொரித்துப் பொரித்தே பேர் வாங்கிவிட்டாள். இது யாருக்கும் தெரியாது. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

கேட்கிற ஆள் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தார்.

நல்ல உயரம், நல்ல பருமன், பளபளக்கும் ஷூ, டை, தொப்பி. தேயிலை ஃபாக்டரிக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் இன்ஜினியர் என்று மச்சாரியா காதைக் கடித்தார். பெயர் ஓபியோ. ஏரிக்கரைப் பக்கத்து லுவோ இனத்தவர். மீனும் சிப்ஸும் கேட்டார். தட்டு வந்தது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு வசேராவைக் கூப்பிட்டனுப்பினார்.

"மேடம், இந்த மீனோட தலை எங்க?"

"தலையத் தின்னவா சார் வந்தீங்க?"

"தலை இல்லாட்டி யாரச் சாப்பிடறோம்னு எப்படித் தெரியும்? இது எங்க ஏரி மீன், மேடம். எங்க ஊர்க்காரன். அவனப் பிடிச்சு, தலைய வெட்டி, கோட்டு மாட்டி விட்டு, மேல புளிச்ச தண்ணிய வேற தெளிச்சு வச்சிருக்கீங்க. அவங்க அம்மா வந்து பார்த்தாகூட அடையாளம் தெரியாது."

கணப்போரம் உட்கார்ந்திருந்த எல்லாரும் சிரித்தார்கள். வசேராவுக்குச் சுருக்கென்றது. "பிடிக்கலன்னா வச்சிட்டுப் போங்க" என்று உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப்பார்த்தால், தட்டில் ஒரு துணுக்கு மிச்சமில்லை.

அடுத்த சனிக்கிழமையும் வந்தார். அதே மீன். அதே குறை. அதற்கடுத்த வாரமும். மச்சாரியாவும் மற்றவர்களும் இதற்காகவே சனிக்கிழமை சீக்கிரம் வர ஆரம்பித்தார்கள். வசேராவும் சனிக்கிழமை காலையில் புதுத் தலைத்துணி கட்டிக்கொள்வதைச் சமையலறைப் பெண்கள் பார்த்தார்கள், ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள், வாயைத் திறக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை ஓபியோ முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தார்.

"ஒண்ணு கேக்கலாமா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்க. கோவம் வந்தா வரும், அது என் கையில இல்ல."

"நீங்க மீன் சாப்பிட்டதே இல்லதானே?"

வசேரா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். பொய் சொல்ல அவளுக்கு வராது. இந்தப் பக்கம் வரவில்லை என்கிற மாதிரியான உண்மைதான் வரும். அப்படி ஒன்றும் அப்போது கைவசம் இல்லை.

"இல்ல" என்றாள்.

"என்னது!" மச்சாரியாவின் குவளை சரிந்து மடியெல்லாம் பீர். "இத்தன வருஷமா ஊருக்கே மீன் பொரிச்சுப் போட்டிருக்கியே தங்கச்சி!"

"நீங்க மட்டும் சாப்பிட்டிருக்கீங்களாக்கும்?"

மச்சாரியா யோசித்தார். அவரும் சாப்பிட்டதில்லை. அங்கே இருந்த எந்தக் கிக்குயுவும் சாப்பிட்டதில்லை. ஓபியோ விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் நீர் வந்து கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். வசேராவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

"இன்ஜினியர், ரொம்பச் சிரிக்காதீங்க. நீங்க அந்தப் பக்கம் போய் ஒரு நாளாவது டீ குடிச்சிருக்கீங்களா? ஸ்கோன் சாப்பிட்டிருக்கீங்களா?"

"அந்தப் பறவைத் தீனியா? நான் எதுக்கு?"

"அப்ப சரிக்குச் சரி. அடுத்த வாரம் நீங்க டீ ரூம்ல மாதர் சங்கத்தோட உக்காந்து டீ சாப்பிடணும், முழுசா, மூணு தட்டும். அதுக்கடுத்த வாரம் நீங்களே மீன் கொண்டுவந்து, என் அடுப்புல சமைச்சு, தலையோட வைங்க. நான் சாப்பிடறேன்."

பப்பே மேஜையைத் தட்டியது. ஓபியோ எழுந்து தொப்பியை எடுத்து நெஞ்சில் வைத்துக் குனிந்தார்.

அடுத்த வாரம் அவர் கோட்டும் டையுமாக இடது வாசலில் நுழைந்தபோது மாதர் சங்கம் மொத்தமும் ஆஜர். நியோக்கபி தன் பக்கத்து நாற்காலியைக் காலால் தள்ளிக் காட்டினாள். நாற்காலி அவருக்குச் சின்னது. உட்கார்ந்ததும் அது முனகியது. பீங்கான் கோப்பையின் காதில் அவர் விரல் நுழையவில்லை. கிண்ணத்தை ஏந்துவதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். டீ தனி, பால் தனி, சர்க்கரை தனி என்று வந்ததைப் பார்த்து மனம் பொறுக்கவில்லை.

"தேயிலையக் காயவச்சு, உருட்டி, பக்குவமா அனுப்பறவன் நான். அத இப்படிப் பாலக் கண்ணுல காட்டாம வச்சிருக்கீங்களே! ரெண்டையும் ஒண்ணா கொதிக்க விட்டாத்தானே டீ? இது புருஷன் ஒரு சர்ச்சுக்கும் பெண்டாட்டி ஒரு சர்ச்சுக்கும் போற மாதிரில்ல இருக்கு?"

"வெள்ளக்காரங்க அப்படித்தான் குடிப்பாங்களாம்" என்றாள் நியோக்கபி. "நாங்களும் வீட்டுக்குப் போய் நல்லா கொதிக்கவச்சு ஒண்ணு குடிச்சாத்தான் தலைவலி போகும். அது இருக்கட்டும். நீங்க எந்தச் சர்ச்?"

"ஆங்கிலிகன்."

"பரவால்ல. வீட்டுல அம்மா?"

"அவ போய் ஏழு வருஷம் ஆச்சு."

"பிள்ளைங்க?"

"ரெண்டு பையன். ரெண்டு பேரும் மொம்பாசால."

"அப்ப துணியெல்லாம் யாரு தோய்க்கிறா?"

"நான்தான்."

கோப்பைகள் வாய்க்குப் போகிற வழியில் நின்றன. சட்டைக் காலரை எல்லாப் பெண்களும் பார்த்தார்கள். வெள்ளை வெளேரென்று இருந்தது. அதற்குப் பிறகு கேள்விகள் வேறு திசையில் போயின. சம்பளம், ரத்த அழுத்தம், குறட்டை உண்டா இல்லையா என்பதுவரை கேட்டார்கள். சமையலறைக் கதவிடுக்கில் நின்ற வசேராவுக்குக் காது சூடேறியது. ஸ்கோனுக்கு அவர் ஜாமை விட்டுவிட்டு உப்பைத் தூவியதையும், வெள்ளரிக்காய் சாண்ட்விச் நாலைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே கடியாகக் கடித்ததையும் யாரும் பொருட்படுத்தவில்லை. போகும்போது நியோக்கபி கதவிடுக்கைப் பார்த்து, "நல்ல ஆளு, கெட்டிக்காரன்" என்று ஊருக்கே கேட்கிற ரகசியக் குரலில் சொல்லிவிட்டுப் போனாள்.

மீன் அடுத்த வாரம் ஏரிக்கரைக் கிசுமுவிலிருந்து வரும் பஸ்ஸில், வாழையிலை சுற்றி வாளியில் வந்தது. ஓபியோ சட்டைக் கையை மடித்துவிட்டு வசேராவின் அடுப்படியில் நின்று, முழு மீனைப் பொரித்து, தக்காளியும் வெங்காயமும் வதக்கிக் குழம்பு வைத்து, அதற்குள் மீனை இறக்கினார். உகாலிக் களியைக் கிண்டிக் கவிழ்த்தார். அவர் கரண்டி பிடித்த விதம் வசேராவுக்குப் பிடித்திருந்தது. வாசனை பிடிக்கவில்லை.

பப்பின் நடு மேஜையில் தட்டு வைக்கப்பட்டது. மீன் கண்ணைத் திறந்து வசேராவைப் பார்த்தது. சுற்றிலும் கூட்டம். அவள் கையைக் கழுவி, களியைப் பிட்டு, உருட்டி, குழி செய்து, மீன் சதையை அதில் அள்ளி வாயில் போட்டாள். மென்றாள். இன்னும் மென்றாள். ஓபியோ மூச்சு விடவில்லை. கடைசியில் கஷ்டப்பட்டு விழுங்கினாள். தண்ணீர் குடித்தாள்.

"எப்படி இருக்கு?"

எல்லாருக்கும் முன்னால் நிற்கிற அந்தப் பெரிய மனிதரின் முகத்தைப் பார்த்தாள். நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊரே கைதட்டும். அவளால் முடியவில்லை.

"நல்லா இல்ல, இன்ஜினியர்" என்றாள். "குழம்பு நல்லா இருக்கு. களி ரொம்ப நல்லா இருக்கு. மீன் நல்லா இல்ல."

ஒரு விறகு வெடித்தது. ஓபியோவின் உதடு துடித்தது. அழப்போகிறார் என்று மச்சாரியா பயந்துபோய் எழுந்தேவிட்டார். ஆனால் அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நானும் ஒண்ணு சொல்லட்டுமா? அந்த ஸ்கோன் இருக்கே... சிமெண்ட்டு. தொண்டைக்குள்ள போய் செட் ஆயிடுச்சு. ரெண்டு நாளா அங்கேயேதான் இருந்துச்சு."

"அது எல்லாருக்கும் அப்படித்தான்" என்றாள் வசேரா. "எனக்கும் பிடிக்காது."

பிறகு இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். அவள் களியும் குழம்பும். அவர் மீன். தலையைக் கடைசியாக எடுத்து அவர் உறிஞ்சிய அழகைப் பார்த்து மச்சாரியா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வசேரா திருப்பவில்லை.

திங்கட்கிழமை நரிக்கடைக்கு விடுமுறை. ரோஸ்ட் அடுப்பின் கதவு சரியாக மூடவில்லை என்று வசேரா எப்போதோ சொன்னதை நினைவு வைத்துக்கொண்டு, ஓபியோ ஸ்பேனர் பையோடு வந்தார். தரையில் படுத்து, தலையை அடுப்புக்குள் விட்டுக்கொண்டு வேலை பார்த்தார். அங்கிருந்தே பேசினார். முகத்தைப் பார்த்துப் பேசத் தைரியம் இல்லை என்று பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

"வசேரா."

மேடம் போய்விட்டது என்பதை அவள் கவனித்தாள்.

"நான் சமைச்சத நல்லா இல்லன்னு என் முகத்துக்கு நேரா சொன்னது நீங்க ஒருத்திதான். மத்தவங்க எல்லாம் சட்டையப் பார்த்து, வேலையப் பார்த்துப் பேசறவங்க. மிச்சம் இருக்கற நாள உண்மை பேசற ஆளோட கழிக்கலாம்னு நினைக்கிறேன்."

"எனக்கு ஐம்பத்தொண்ணு."

"எனக்கு ஐம்பத்தெட்டு. நீங்க கேட்டீங்களா?"

"எங்க கிபே அண்ணன்கிட்டதான் கேக்கணும்."

"அவரையா கட்டிக்கப் போறேன்?"

அவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த மாவுச் சல்லடை கீழே விழுந்து, அவருடைய ஷூவெல்லாம் வெள்ளை.

கிபே அண்ணன் முட்டைக்கோஸ் விவசாயி. பிடிவாதத்தில் எருது. விஷயம் கேட்டதும் குதித்தார்.

"மீன் தின்றவன் வீட்டுக்கா? ஊர்ல என்ன சொல்லுவாங்க? கிக்குயு ஆம்பள ஒருத்தனும் கிடைக்கலியா?"

"எங்க அண்ணே கிடைச்சாங்க? புருஷன் செத்து இத்தன வருஷத்துல ஒருத்தன் வந்து கதவத் தட்டினானா? நீ யாரையாவது கூட்டிட்டு வந்தியா? மீன் பொரிச்சுத்தான் நான் கபுராவப் படிக்கவச்சேன். அந்த மீன் தின்றவங்க இல்லாட்டி அவ இன்னிக்கு நர்ஸ் இல்ல."

கிபே மண்ணைக் காலால் கிளறினார். கடைசியில், முறைப்படி வந்து பெண் கேட்கட்டும், பரிசப் பேச்சு முறைப்படி நடக்கட்டும், சாப்பாடு ஆட்டுக்கறியும், கிழங்கும் சோளமும் சேர்த்த இரியோவும்தான், மீன் வாசல் படி ஏறக் கூடாது என்றார். அந்தப் பக்கம் ஓபியோவின் வீட்டார், மீன் இல்லாத விருந்துக்கு நாங்கள் எப்படி வருவது என்று கேட்டு அனுப்பினார்கள். கபுரா நகுருவிலிருந்து ஃபோன் போட்டு, "அம்மா, ரெண்டு பேரும் ஓடிப் போயிடுங்களேன், நான் கதவைத் திறந்து வைக்கிறேன்" என்றாள்.

சாப்பாட்டுச் சண்டை தீராமலே, பெண் கேட்க ஏப்ரல் மாதத்து ஒரு சனிக்கிழமைக்கு நாள் குறித்தார்கள். லிமுருவில் மழை கொட்டுகிற ஏப்ரலில் நாள் குறிக்கிறவர்களை என்ன சொல்வது? கிபே வீட்டு முற்றத்தில் போட்ட கூடாரம் காலையிலேயே ஒரு காற்றில் எழும்பி, முட்டைக்கோஸ் தோட்டத்துக்கு மேலே பறந்துபோய் யாரோ ஒருவருடைய மாட்டுக்கொட்டகையில் மாட்டிக்கொண்டது. பின்னாலேயே மழை. ஆடு வாட்ட மூட்டிய நெருப்பெல்லாம் அவிந்து புகைந்தது. ஓபியோவின் சொந்த ஊர் சியாயாவிலிருந்து விடிய விடியப் பயணம் பண்ணி, ஒரு பஸ் நிறைய லுவோக்காரர்கள் அந்த நேரம் பார்த்து வந்து இறங்கினார்கள்.

"எல்லாரையும் கடைக்குக் கூட்டிட்டு வாங்க" என்று வசேரா சொல்லியனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமைக்கென்று வாங்கிவைத்த மாட்டுத் தொடைகள் குளிர் பெட்டியில் இருந்தன. அத்தனையையும் எடுத்து உப்பும் மிளகும் தேய்த்து அடுப்பில் ஏற்றினாள்.

இரண்டு வாசலுக்கும் உள்ள வித்தியாசம் வந்தவர்களுக்கு எப்படித் தெரியும்? தலையில் கோபுரம் மாதிரி துணி கட்டிய லுவோப் பெண்கள் நேரே பப்புக்குள் போய்க் கணப்பைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். ஆண்கள் டீ ரூமில் பூப்போட்ட விரிப்பின்மேல் தொப்பிகளை வைத்தார்கள். பெண் வீட்டுச் சார்பில் அவர்களை வரவேற்க வந்த நியோக்கபி, வேறு வழியில்லாமல், வாழ்க்கையில் முதல்முறையாக வலது பக்கத்தில் காலடி வைத்தாள். எதிரே முக்காலியில் மச்சாரியா. கையில் குவளை. குவளையில் பெயர்.

"ஓ" என்றாள் நியோக்கபி. "பேர் போட்டே வச்சிருக்கீங்களா?"

"மழைக்கு... ஒதுங்கினேன்" என்றார் மச்சாரியா.

"எத்தன வருஷ மழை?"

லுவோப் பெண்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். அவர்களில் மூத்தவள் நகர்ந்து, "இங்க வந்து உக்காருக்கா, குளிர் காயலாம். எங்க வீட்டு ஆம்பளைங்களும் இப்படித்தான்" என்றாள். நியோக்கபி உட்கார்ந்துவிட்டாள். கணப்பு நன்றாகத்தான் இருந்தது.

கிபேவுக்கு வேறு அதிர்ச்சி. வலது வாசலில் ஓபியோவைப் பார்த்து, மரியாதைக்குக் கைகுலுக்கிவிட்டு, டீ ரூமுக்குள் போனால் அங்கேயும் ஓபியோ உட்கார்ந்திருந்தார். ஓபியோ இரட்டைப் பிறவி என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. தம்பி ஒடோங்கோவுக்கும் அதே உயரம், அதே தொந்தி, அதே தொப்பி.

"ஒருத்தனுக்கே இன்னும் சரின்னு சொல்லல, ரெண்டா வந்து நிக்கறானே!" என்று பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தார்.

பரிசப் பேச்சு தொடங்கியது. கிபே ஆடு என்றார். எங்கள் வழக்கம் மாடு என்றார்கள் அவர்கள். ஒரு மாட்டுக்கு எத்தனை ஆடு என்பதில் வண்டி நின்றுபோனது. குரல்கள் ஏறின. வயிறு காலி, வெளியே மழை, இரண்டு பக்கத்துக் கிழவர்களும் கைத்தடியைத் தரையில் தட்ட ஆரம்பித்தார்கள். அப்போது சமையலறைக் கதவை இடுப்பால் தள்ளிக்கொண்டு வசேரா வந்தாள். கையில் பெரிய தட்டு. முறைப்படி பெண் அந்த இடத்தில் தலைகாட்டக் கூடாது. அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"மாடும் ஆடும் எங்கயும் ஓடிப் போகாது. இது ஆறிடும். சாப்பிடுங்க" என்றாள்.

மெல்லிசாக அரிந்த ரோஸ்ட், வறுத்த உருளைக்கிழங்கு, பச்சைச் சேறு மாதிரி மசித்த பட்டாணி, கறுப்பாக ஒரு குழம்பு, ஆளுக்கொன்றாக உப்பிய மாவுக் கிண்ணம் மாதிரி யார்க்ஷயர் புட்டிங். எல்லாரும் தட்டைப் பார்த்தார்கள். யாருடைய சாப்பாடும் அதில் இல்லை. கிபே அந்தப் புட்டிங்கை எடுத்து அமுக்கினார். புஸ்ஸென்று இறங்கியது.

"இது என்னம்மா? உள்ள ஒண்ணுமே இல்ல. வெறும் காத்து!"

எதிரே இருந்த லுவோக் கிழவர் ஒருவர் தன்னுடையதைக் கண்ணருகே தூக்கிப் பார்த்தார். "எங்களுக்கும் காத்துதான் வச்சிருக்கு. பாரபட்சம் இல்ல."

"இந்தப் பச்சை எதுக்கு? பல் இல்லாதவனுக்கா?"

"யாரோ ஏற்கெனவே மென்னு குடுத்த மாதிரி இருக்கு."

"இதத் தின்னுட்டா அந்த வெள்ளக்காரன் இவ்வளவு தூரம் வந்து நம்மள ஆண்டான்?"

"இதத் தின்ன முடியாமத்தான் வந்திருப்பான்!"

டீ ரூம் அதிர்ந்தது. யார் சொன்னது கிக்குயு, யார் சொன்னது லுவோ என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. எல்லாருக்கும் வேலை ஒன்றுதான், அந்தச் சாப்பாட்டைக் கேலி செய்வது. கேலி செய்துகொண்டே இறைச்சியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கினார்கள். கிபே தன் பட்டாணியை ஒடோங்கோவின் தட்டுக்குத் தள்ளினார். ஒடோங்கோ தன் புட்டிங்கை அவருக்குத் தள்ளினார். அந்தப் பக்கம் பெண்கள் மிளகாய் கேட்டு ஒரே கூச்சல். நியோக்கபியின் குரல்தான் அதில் உரக்கக் கேட்டது. சமையலறை நடுவில் நின்று இரண்டு பக்கத்துச் சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருந்த வசேராவின் பக்கத்தில், முறையை மீறி ஓபியோவும் வந்து நின்றார்.

"உங்க சமையல எல்லாரும் திட்டறாங்களே, வருத்தம் இல்லியா?"

"திட்டட்டும், திட்டட்டும்" என்றாள் வசேரா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் எதுவும் அங்கே இல்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்டு மாட்டுக் கணக்கைப் பேசி முடிக்க ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. பாலோடு சேர்த்துக் கொதிக்கவைத்த டீ.

மழை விட்டுக் கிளம்பும்போது பஸ்ஸின் பின்சக்கரங்கள் செம்மண் சேற்றில் புதைந்துபோயிருந்தன. கோட்டும் டையுமாக இரண்டு வீட்டு ஆண்களும் இறங்கித் தள்ளினார்கள். பெண்கள் ஜன்னலில் தலைநீட்டி உத்தரவு போட்டார்கள். பஸ் திடீரென்று பிய்த்துக்கொண்டு நகர, கிபே முகங்குப்புறச் சேற்றில் விழுந்தார். பக்கத்திலிருந்தவர் தூக்கிவிட்டார்.

"நல்லாருங்க மாப்பிள்ளை" என்றார் கிபே, வாயிலிருந்த மண்ணைத் துப்பிக்கொண்டு.

"நான் மாப்பிள்ளையோட தம்பிங்க."

"யாரா இருந்தா என்ன, எல்லாம் ஒண்ணுதான். தள்ளுங்க, மறுபடி மாட்டிக்கப் போகுது!"

கல்யாணம் ஆகஸ்டில், ஆங்கிலிகன் சர்ச்சில் நடந்தது. மழை இல்லை, காற்று இல்லை, எல்லாம் நேரத்துக்கு நடந்தது. அதனால்தானோ என்னவோ, லிமுருவில் அந்தக் கல்யாணத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேச்செல்லாம் அந்த ஏப்ரல் சனிக்கிழமையைப் பற்றித்தான்.